எல்லா எதிராளியும் அண்ணன்தான்

பயிற்சிக்கூடத்தில் அவனுக்கு ஜெராக்ஸ் என்று பெயர். அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். ஓர் ஆளை ஒரு தடவை பார்த்தால் போதும், அடுத்த நிமிடம் அந்த ஆளாகவே நிற்பான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் அழகைச் செய்து காட்டி வகுப்பையே சிரிப்பில் உருட்டியிருக்கிறான். பின்னால் வந்து நின்ற வாத்தியார் விட்டார் ஓர் அறை. அவர் வாசலைத் தாண்டியதும் அந்த அறையையும் செய்து காட்டினான்.

படிப்பு அதற்கு மேல் ஓடவில்லை. டயர் கடையில் சேர்ந்தான். கீழே கடை, மேலே குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே தரை அதிரும். மேலே யாராவது விழுந்தால் கீழே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் தலையில் சுண்ணாம்பு உதிரும். பகலெல்லாம் சக்கரங்களைக் கழற்றி மாட்டுவான். கடை மூடியதும் கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படி ஏறுவான். மேலே பயிற்சி கொடுத்த மாஸ்டர் பகலில் பள்ளி வேன் ஓட்டுபவர். நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, மாலையில் யார் முகத்தில் யார் குத்தினாலும் அமைதியாக இருக்கப் பழகியிருந்தார்.

குத்துச்சண்டையில் ஜெராக்ஸ் எப்படி? சுமார்தான். பயிற்சியில் புலி. போட்டி என்று வந்தால், மணி அடித்ததும் யாராக இருப்பது என்று குழம்பிவிடுவான். முதல் சுற்றில் யாரோ ஒரு பெரிய வீரனாக இறங்குவான். இரண்டாம் சுற்றில், எதிரில் நிற்பவனின் ஆட்டம் பிடித்துப்போய் அவனைப் போலவே ஆடத் தொடங்குவான். ஒருவனைப் போலவே இன்னொருவன் ஆடினால் ஒரிஜினல்தானே ஜெயிக்கும்?

அப்படித் தோற்றுவிட்டு உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் தங்கை வாயைத் திறந்தாள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடிய நேரமாகும். அப்பா இல்லை, பாப்பா நடை பழகுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் பள்ளி விட்டதும் அவள் நேரே டயர் கடைக்கு வருவாள். பழைய டயர்களை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அண்ணன் மேலே போனால் பின்னாலேயே போய் ரிங்குக்குப் பக்கத்தில் உட்காருவாள்.

"அண்ணா, அவன் அடிக்கிறதுக்கு முன்னாடி மூச்சை இழுக்கிறான். நீ பாக்கவே இல்லையா?"

"எவன்?"

"உன்னை அடிச்சவன்தான். ஒவ்வொரு தடவையும் மூக்கு விடைக்குது. அப்புறம்தான் கை வருது. நான் இங்கிருந்தே பாத்தேன்."

மாஸ்டர் கையில் சுற்றும் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. "என்னம்மா சொன்னே?" என்றார்.

மறுநாள் ஜெராக்ஸ் தன் பழைய கையுறையை அவளுக்கு மாட்டிவிட்டான். விளையாட்டாகத்தான். கையுறை முழங்கை வரைக்கும் போனது. "நேத்து அடிச்சானே, இப்போ நான்தான் அவன்" என்று சொல்லிவிட்டு மூக்கு விடைக்க வந்தான். அவன் கை கிளம்புவதற்கு முன்னால் அவள் கை அவன் வயிற்றில் இருந்தது. பூனை தட்டியது போல இருந்த குத்துதான். ஆனாலும் அது வந்த நேரம் அவனை என்னவோ செய்தது. மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். அவரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவன் போட்டிக்குப் போகவில்லை. தங்கைக்காகத் தியாகம் செய்துவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் உச்சுக்கொட்டியவர்கள் உண்டு. அவனைக் கேட்டால் சிரிப்பான். தோற்றுத் தோற்று முகத்தைத் தடவிக்கொண்டிருந்தவனுக்குத் தனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அதற்குப் பெயர் தியாகமா? பாப்பா அடுத்து யாரோடு மோதப் போகிறாளோ, அந்தப் பெண்ணாக அவன் மாறுவான். அந்தப் பெண்ணின் ஆட்டத்தை நேரில் போய்ப் பார்ப்பான். முடியாவிட்டால் செல்போனில் ஓடவிட்டுக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பான். எங்கே தயங்குகிறாள், எந்தத் தோள் முதலில் அசைகிறது, களைத்தால் வாய் எந்தப் பக்கம் கோணுகிறது என்று எல்லாவற்றையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு ரிங்குக்குள் இறங்குவான். போட்டி நாளன்று பாப்பா அந்தப் பெண்ணை முதன்முதலாகச் சந்திக்கும்போது, அவளோடு எத்தனையோ வாரம் குடித்தனம் நடத்தியது போலப் பழகியிருப்பாள்.

அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தொழிற்சாலையில் ஒரு தையல் வரிசைக்கே மேற்பார்வையாளர் அவள். அதட்டிப் பழகிய குரல்.

"ஊர்ல எந்தப் பொண்ணாவது அண்ணன்கிட்ட அடி வாங்கிட்டு வந்து சாப்பிட உக்காருவாளா?"

"நான் எங்கம்மா வாங்கினேன்? அண்ணனைப் பாரு, அவனுக்குத்தான் கண்ணு வீங்கியிருக்கு" என்பாள் பாப்பா.

அம்மா மகனைப் பார்ப்பாள். வீக்கம் உண்மைதான். பிறகு மகளின் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "மூக்கு ஒண்ணுதான் உங்கப்பா விட்டுட்டுப் போன சொத்து. அதையாவது பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சோறு போடுவாள்.

பாப்பா வட்டாரப் போட்டியில் ஜெயித்தாள். அதற்கு மேலும் ஜெயித்தாள். தேசிய அளவில் முதல் தடவை அரையிறுதியில் தோற்றாள், மறு ஆண்டு தங்கம் வாங்கினாள். ஜெயித்துவிட்டு ரிங்கிலிருந்து இறங்கும்போது அவள் முகத்தில் ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தவள் போல வருவாள். கூட்டத்துக்கு அதுவே பிடித்துப்போனது. சாம்பியன்களுக்கு இடி, மின்னல், சிறுத்தை என்றெல்லாம் பட்டம் கொடுப்பார்கள். இவளுக்கு வீட்டுப் பெயரே பட்டமானது. மீசை வைத்த ஆட்களெல்லாம் தொண்டை கிழிய "பாப்பா! பாப்பா!" என்று கத்துவதைக் கேட்கும்போது ஜெராக்ஸுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். அவள் மூலைக்குத் தண்ணீர் தூக்குபவன் அவன்; வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்துகொள்வான்.

அப்படியே படியேறி வந்து, தொழில்முறை ஆட்டத்தில் உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு வந்தபோது, எதிரில் நின்றவள் ஏணி. அவளுடைய நாட்டில் அவளுக்கு என்ன பட்டமோ, இவர்கள் கூடத்தில் வைத்த பெயர் அது. அவ்வளவு உயரம். கை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு இடதுகைக்காரி. வலது காலை முன்னால் வைத்து நிற்பாள். பலமெல்லாம் பின்னால் இருக்கும் இடதுகையில். பல வருடமாக அவளை யாரும் வென்றதில்லை.

ஜெராக்ஸ் வலதுகைக்காரன். இடதுகைக்காரியாக மாறுவது அவன் வாழ்க்கையிலேயே பெரிய வேடம். முதல் வாரம் பரிதாபமாக இருந்தது. முன்னால் போகும்போது எல்லாம் சரியாக வரும். பாப்பா நெருக்கினால், பின்னால் நகரும்போது மட்டும் கால் பழைய பழக்கத்துக்கு ஓடும். இரண்டு பாதமும் ஒரு கணம் சேர்ந்துகொள்ளும். அந்தக் கணத்தில் தொட்டாலே போதும், சாய்த்து வைத்த துடைப்பம் போல விழுவான். அவன் விழ விழ, கீழே கடை முதலாளி மேலே பார்த்துத் திட்டுவது கேட்கும்.

பிறகு எல்லாவற்றையும் இடதுகையால் செய்யத் தொடங்கினான். சாப்பிடுவது, பல் தேய்ப்பது, கடையில் நட்டு முடுக்குவது எல்லாம் இடதுகை. ஒரு வாடிக்கையாளர், "என்னப்பா, கையில அடியா?" என்று கேட்டார். "இல்ல சார், இப்போ நான் வேற ஆளு" என்றான். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று நட்டுகளைத் தானே ஒரு தடவை முடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தார்.

ஒரு மாலையில் வேடம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. உயரம் குறைந்ததற்கு ஈடாக அடிப்பாகம் தடித்த காலணி மாட்டிக்கொண்டு, கையை நீட்டி நீட்டிப் பாப்பாவை எட்டாத தூரத்திலேயே வைத்திருந்தான். அவள் பொறுமை இழந்து உள்ளே பாய்ந்தாள். பின்னாலிருந்து அவன் இடதுகை வந்தது. அது தன் கைதானா என்று அவனுக்கே தெரியவில்லை. பாப்பா அப்படியே பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் அம்மா வந்து நின்றாள். பட்டப்போட்டிக்காக மகளுக்கு நீலத்துணியில் தைத்த அங்கியைப் பையில் எடுத்து வந்திருந்தாள். அவள் பயிற்சிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. கண்ட முதல் காட்சி, மகன் அடித்து மகள் தரையில் கிடப்பது.

"அடப்பாவி! கூடப் பொறந்தவளையாடா அடிச்சே?"

பை ஒரு பக்கம் போனது. செருப்பு கைக்கு வந்துவிட்டது. அம்மா கயிறுகளுக்கு நடுவே எப்படி நுழைந்தாள் என்று மாஸ்டர் இன்றுவரை வியப்பார். ஜெராக்ஸ் தடித்த காலணியோடு தடுமாறி மூலைக்கு ஓடினான்.

"அம்மா! ஓரமா நில்லு!"

பாப்பாவின் குரல்தான். எழுந்துவிட்டாள். உதட்டோரத்தில் ரத்தம். ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். "அண்ணா, இப்போ அடிச்சியே, அதே அடி. திரும்ப அடி."

"பாப்பா, இன்னைக்குப் போதும்டி..."

"அடிண்ணா. எங்கிருந்து வருதுன்னு பாக்கணும்."

அம்மா செருப்பைக் கையில் வைத்தபடியே நின்றாள். அவன் தயங்கித் தயங்கி மறுபடி அடித்தான். இந்தத் தடவை பட்டும் படாமலும் போனது. மறுபடி அடித்தான், தோளில் உரசியது. மறுபடி. அவன் கை காற்றைக் குத்தியபோது பாப்பா அவன் நெஞ்சுக்கு நேரே, சாவகாசமாக, புன்னகையோடு நின்றுகொண்டிருந்தாள். குத்தவில்லை. கையுறையால் அவன் கன்னத்தைத் தட்டினாள்.

அம்மா மெல்ல இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். பயிற்சி முடியும்வரை அங்கேயே இருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது மகனிடம் கேட்டாள், "கை வலிக்குதாடா?" அதுவரை அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

பட்டப்போட்டி கடல் தாண்டி, ஏணியின் ஊரில். அரங்கம் நிறைய அவள் ஆட்கள். மணி அடித்தது. ஏணி எழுந்து வந்தாள்.

அவள் இடது காலை முன்னால் வைத்து நின்றாள். வலதுகைக்காரியைப் போல.

யாருக்கும் தெரியாமல் பழகியிருக்கிறாள். இத்தனை வாரம் அவன் இடதுகையால் சோறு தின்றதும், பாப்பா அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றதும் ஒரு நொடியில் தண்ணீரில் போட்ட உப்பாகிவிட்டது. எல்லாக் குத்தும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. பாப்பா விலகிய இடத்திலெல்லாம் அடுத்த அடி காத்திருந்தது. மூன்று சுற்று முடிவதற்குள் ஒரு புருவம் வெடித்துவிட்டது.

மூலையில் வந்து உட்கார்ந்தவள், மாஸ்டர் புருவத்தில் மருந்தை அழுத்திக்கொண்டிருக்கும்போதே அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, இவ யாரு?"

வேறு யாருக்கும் அந்தக் கேள்வி புரிந்திருக்காது. நீ ஆடிக் காட்டிய எத்தனையோ பேரில் இவள் யார், சொல் என்கிறாள். அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "தெரியலையே பாப்பா" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

நான்காம் சுற்றில் அவன் ஏணியின் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். காலைப் பார்த்தான். முன்னால் வரும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. அடி பொறுக்காமல் பாப்பா ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாள். ஏணி பின்னால் இரண்டு எட்டு வைத்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுடைய இரண்டு பாதமும் சேர்ந்துகொண்டன.

ஜெராக்ஸ் வாய்விட்டுச் சிரித்தான். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்.

பாப்பா மூலைக்கு வருவதற்குள் கயிற்றில் பாதி உடம்பை நீட்டியிருந்தான். "பாப்பா, அது நான்! இடதுகைக்காரியா நின்னு பழகினேனே, அந்த முதல் வாரத்து ஆளு. எனக்கு அந்தப் பக்கம் வரல. அவளுக்கு இந்தப் பக்கம் வரல. அவ்வளவுதான் வித்தியாசம்!"

பாப்பா ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு வாய்க்காப்பைக் கடித்தபடி சிரித்தாள். "துடைப்பம்" என்றாள்.

"அதேதான். பின்னால தள்ளு. தள்ளிக்கிட்டே இரு."

அடுத்த சுற்றில் அரங்கம் அடங்கிப்போனது. பாப்பா அடி வாங்குவதைச் சட்டை செய்யாமல் முன்னால் நடந்தாள். ஏணி ஓர் எட்டு பின்வாங்கினாள், இன்னோர் எட்டு; பாதங்கள் சேர்ந்தன. பாப்பாவின் வலதுகை போய்ச் சேர்ந்தது. அவ்வளவு உயரமும் ஒரே இடத்தில் மடிந்து உட்கார்ந்தது. நடுவர் எண்ணத் தொடங்கினார். ஏணி எழுந்துவிட்டாள், லேசுப்பட்டவள் இல்லை. எழுந்தவள் வேடத்தைக் கலைத்துவிட்டுத் தன் சொந்த இடதுகைக்குத் திரும்பினாள். ஜெராக்ஸ் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். அந்தப் பக்கத்துப் பாடம்தான் பாப்பாவுக்குத் தலைகீழாகத் தெரியுமே! கடைசி மணி அடித்தபோது யார் ஜெயித்தது என்று யாரும் யாரையும் கேட்கத் தேவை இருக்கவில்லை. நடுவர் தூக்கிப் பிடித்தது பாப்பாவின் கையை. இடுப்பில் கட்டிய சாம்பியன் பட்டை அவளுக்குப் பெரிதாக இருந்தது. பின்னால் நின்று ஜெராக்ஸ்தான் பிடித்துக்கொண்டான்.

உடை மாற்றும் அறைக்கு ஏணியே தேடி வந்தாள். காலில் செருப்பு, கன்னத்தில் ஐஸ் பை, பக்கத்தில் அவளுடைய பயிற்சியாளர். மொழிபெயர்க்க ஒரு பெண். ஏணி பாப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

பாப்பா கட்டைவிரலால் அண்ணனைக் காட்டினாள்.

"என்ன கண்டுபிடிச்சீங்க? காட்டுங்க."

கேட்டால் விடுவானா? அறையின் நடுவில் வந்து நின்றான். நின்ற மாத்திரத்தில் அவன் கழுத்து நீண்டது, தோள் ஒரு பக்கம் சரிந்தது. ரிங்குக்குள் வரும்போது தலைமுடியை ஒதுக்குவது, குத்துவதற்கு முன்னால் நாக்கால் பல்லைத் தடவுவது, வலதுகைக்காரியாக நின்று பின்வாங்கும்போது பாதம் சேர்ந்து திருதிருவென்று விழிப்பது எல்லாம் வந்தன. ஏணி வீங்கிய வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏணியின் சிரிப்பு நின்றது. கூர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை காட்டுங்க."

உற்சாகத்தில் இன்னொரு தடவை காட்டினான். பெஞ்சில் சாய்ந்திருந்த பாப்பா, "போதும்ணா..." என்று இழுத்தாள். அவன் காதில் விழவில்லை.

பட்டத்தோடு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் கூட்டம் நெட்டித் தள்ளியது. அம்மாவின் தொழிற்சாலையில் அன்று இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்களாம். ஒரு வருடம் ஓடியது. ஏணியோடு மறுபடியும் மோதவேண்டி வந்தது. வந்து நின்றவள் புதிய ஏணி. நாக்கால் பல்லைத் தடவவில்லை. தோள் சரியவில்லை. எந்தக் காலை முன்னால் வைத்தாலும், எந்தப் பக்கம் போனாலும் பாதங்கள் சேரவே இல்லை. அவன் செய்து காட்டிய ஒவ்வொன்றையும் ஒட்டடை அடிப்பது போல அடித்துச் சுத்தம் செய்துகொண்டு வந்திருந்தாள். பாப்பா தோற்றாள். பட்டை கைமாறியது.

ஜெராக்ஸ் பேயறைந்தவன் போல ஆனான். ஊருக்கு வந்தும் இரண்டு நாள் பயிற்சிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாவது நாள் பாப்பாவே டயர் கடைக்கு வந்தாள். கன்னத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. ஒரு டயரை உருட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"நல்லா பாடம் எடுத்தியேண்ணா அவளுக்கு."

"திட்டு. செருப்பால வேணாலும் அடி."

"அதுக்கு அம்மா இருக்காங்க." சிரித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "போன தடவை நான் ஜெயிச்சது ஒரு ஓட்டையை வெச்சு. அது எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்போ ஓட்டையே இல்லாத ஏணி இருக்கா. அவளை ஜெயிக்கணும். அதுதான் ஜெயிக்கிறது. எந்திரி, மேல வா. புது ஏணியைக் காட்டு."

அவன் எழுந்தான். அதுவரை அவளைத் தங்கையாகத்தான் பார்த்து வந்தான். எண்ணெய்க் கறையும் ரப்பர் வாசமும் சூழ, வீங்கிய கன்னத்தோடு டயர்மேல் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தபோது, பட்டை இடுப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவள் சாம்பியன்தான் என்று தோன்றியது. மனசு நிமிர்ந்தது.

புது ஏணியை உடம்பில் ஏற்ற மாதக்கணக்கானது. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை அவளாகவே ஆனான். ஆகி முடித்தபோது அவனுக்கே பயமாக இருந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் தங்கையிடம் உள்ளதைச் சொன்னான்.

"தலைகீழா நின்னு தேடிட்டேன், பாப்பா. ஓட்டை எதுவும் இல்ல. உனக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அவளையே குடுத்துட்டியே, வேற என்ன வேணும்? ஓட்டை இல்லன்னா கதவு வழியாப் போறேன்" என்றாள்.

மூன்றாவது மோதல் சொந்த ஊரில் நடந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்மாவும் வந்தாள். வரமாட்டேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, தொழிற்சாலைத் தோழிகள் ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து அமர்ந்தாள்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். தந்திரம் என்று எதுவும் இல்லை. ஏணி நீண்ட கையால் கட்டிப்போட்டாள். பாப்பா கட்டை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போனால் விலாவில் இடி விழும்; விழுந்த இடியோடு இரண்டு திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வருவாள். ஒரு சுற்று இவளுக்கு என்றால் ஒரு சுற்று அவளுக்கு. இடைவேளைகளில் பாப்பா அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தான், முகத்தைத் துடைத்தான். அவன் ஆடிக் காட்டிய ஏணிதான் எதிரில் நின்றாள், அச்சு அசலாக. ஆனால் அவளோடு மோதியது அவன் அறிந்த பாப்பா இல்லை. எட்டாம் சுற்றில் ஏணியின் இடதுகை முழு பலத்தோடு தாடையில் விழுந்தது. பயிற்சியில் அதே அடியில் அவள் பல தடவை உட்கார்ந்திருக்கிறாள். இப்போது உட்காரவில்லை. ஒரு காலைப் பின்னால் ஊன்றி நின்றாள், தலையை உதறினாள், திரும்ப உள்ளே போனாள். ஏணியின் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து போனதை ஜெராக்ஸ் பார்த்தான். பார்த்தவன் அவன் ஒருவன்தான். அந்த முகம் அவனுக்கு அவ்வளவு பழக்கம்.

கடைசி இரண்டு சுற்றும் பாப்பாவுடையவை. அரங்கமே எழுந்து நின்றது. எல்லாக் குரலுக்கும் மேலே ஓர் அதட்டல் கேட்டது: "கையைத் தூக்கி வெச்சுக்கோடி! மூஞ்சியை மறை!" வரிசைக்கே மேற்பார்வையாளரின் குரல்.

நடுவர் பாப்பாவின் கையைத் தூக்கியபோது ஜெராக்ஸ் வாளியோடு கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தான். உள்ளே போகத் தோன்றவில்லை. அங்கிருந்து பார்ப்பதே போதும் என்றிருந்தது. அவள்தான் வந்து சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கேமராக்கள் மின்ன, பட்டையைத் தோளில் போட்டபடி அவன் காதருகே குனிந்தாள். என்னவோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தான்.

"அண்ணா, பயங்கரமா பசிக்குது."

எடையைக் காப்பதற்காக வாரக்கணக்கில் வாயைக் கட்டியவள். பேட்டி, பாராட்டு எல்லாவற்றையும் மாஸ்டர் தலையில் கட்டிவிட்டு, பின்வாசல் வழியாக அம்மாவும் பிள்ளைகளுமாக மூன்று பேரும் வெளியே வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன சாப்பாட்டுக்கடை திறந்திருந்தது. பாப்பா தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு மூலை மேசையில் உட்கார்ந்தாள். வெடித்த உதடு எரிய எரிய, ஊதி ஊதிச் சாப்பிட்டாள். இரண்டாவது தட்டும் வந்தது. மூன்றாவதை எடுத்து வந்தபோதுதான் பரிமாறுபவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். தட்டு கையில் அப்படியே நின்றது.

"நீங்க... பாப்பா தானே? இப்பத்தான் டிவியில..."

"ஆமா, என் பொண்ணுதான்" என்றாள் அம்மா. நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். "இவன் என் பையன். அவளுக்கு அண்ணன்."

பரிமாறுபவர் மரியாதையாகத் தலையசைத்தார். "அண்ணன் என்ன பண்றாருங்க?"

"இவளை அடிக்கிறான்" என்றாள் அம்மா. "சின்ன வயசுலேர்ந்து அதுதான் வேலை. அவனை மாதிரி அடிக்க உலகத்துல ஆள் கிடையாது."

மகன் டாக்டராக இருக்கிறான் என்று மற்ற அம்மாக்கள் சொல்வார்களே, அந்தக் குரலில்தான் சொன்னாள். பரிமாறுபவர் ஒன்றும் புரியாமல் அவனையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பாப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உதடு வலிக்க, மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். ஜெராக்ஸ் அசடு வழியத் தட்டைப் பார்த்தான். அம்மா யாரையும் சட்டை செய்யவில்லை. "அவனுக்கும் ஒரு தட்டு கொண்டு வாங்க" என்றாள்.